மெய்யெழுத்து இல்லாத பாட்டு

பிப்ரவரி 3, திங்கள்

இன்றிலிருந்து நாட்குறிப்பு. ஓர் ஆல்பம் உருவாகும் காலத்தை எழுதி வைப்பது நல்லது என்று எங்கோ படித்தேன். பின்னாளில் யாராவது பேட்டி எடுக்க வந்தால் உதவும். வராவிட்டால் அரசிக்கு உதவும். என் மனைவி மங்கையர்க்கரசி அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. பிழையுள்ள தாள் எது கிடைத்தாலும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிடுவாள்.

பேட்டி எடுப்பவர் வசதிக்காக: பெயர் தெய்வசிகாமணி, வயது ஐம்பத்து நான்கு, ஊர் கோவை வடவள்ளி. சப்தஜாலம் மெல்லிசைக் குழுவில் இருபத்தாறு வருடம் கீபோர்டு. கோவை, திருப்பூர், ஈரோடு மூன்று மாவட்டத்திலும் நான் வாசிக்காத கல்யாண மண்டபம் கிடையாது. மேடையில் என் இடம் எப்போதும் வலது ஓரம், ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி. இப்போது கல்யாணங்களுக்கு டிஜே வருகிறார். குழு கலைந்து மூன்று வருடம் ஆகிறது. எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

இன்று விக்னராஜ் வந்தார். தாத்தாவும் அப்பாவும் பம்ப்செட் மோட்டார் செய்து ஊரெல்லாம் சத்தம் போட வைத்தவர்கள். இவர் பாலித்தீவுக்குப் போய்விட்டு வந்து, ஆனைகட்டி சாலையில் ‘மௌனவனம்’ என்று ஒரு தியான விடுதி கட்டுகிறார்.

“ட்ரைபல் ஆம்பியன்ட் மியூசிக் வேணும் சார். நாற்பது நிமிசம். கண்ணை மூடுனா பத்தாயிரம் வருசம் பின்னாடி போயிரணும். மார்ச் இருபது ஓப்பனிங்” என்றார்.

பிடித்திருந்தால் இனி அவர் கட்டும் எல்லா விடுதிக்கும் நான்தான் இசை. பிடிக்காவிட்டால் கம்ப்யூட்டரிலேயே எதையாவது எடுத்துக்கொள்வாராம். அதைச் சொல்லும்போதும் மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் இது கைவிட்டுப் போனால் நான் ‘வாசிக்கிறவர்’ இல்லை, ‘முன்னே வாசிச்சுட்டிருந்தவர்’. அந்தப் பட்டம் எனக்கு வேண்டாம்.

பிப்ரவரி 6, வியாழன்

இந்த இசை எனக்கு ஏன் பிடிக்கிறது என்று அரசி கேட்டாள். “ஒரே ‘ம்ம்ம்’னு இருக்குது. கரண்ட்டு ஆபீஸ் பக்கத்துல நிக்கறாப்ல” என்றாள்.

அவளுக்குச் சொன்ன காரணங்களைக் குறித்து வைக்கிறேன். கச்சேரியில் மூன்றாவது வரிசையில் ஒருத்தர் கட்டாயம் இருப்பார், ‘அந்தப் பாட்டு போடுங்க’ என்று சீட்டு அனுப்பிக்கொண்டே. ஆம்பியன்ட்டில் அவர் வர முடியாது. இதில் பாட்டே கிடையாது. தாளம் தப்பியதா என்று யாரும் முறைக்க மாட்டார்கள், பத்து நொடிக்கு ஒருமுறைதான் ஒரு அடி. எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியாததால் கைதட்டல் வரவில்லையே என்ற கவலையும் இல்லை. அடியில் ஒரு நீண்ட ரீங்காரம், மேலே ஒரு பெரிய தோல் மேளம் தூரத்தில் ஒரு தட்டு, ஒரு மூங்கில் குழல், மழை, யாரோ ஒருவரின் குரல். குகைக்குள் உட்கார்ந்து வெளியே இருட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிம்மதி.

அவளிடம் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. ஒன்றிரண்டு வருடமாக என் காதுக்குள் ஒரு நாதம் ஓடுகிறது. சில்வண்டு மாதிரி, இடைவிடாமல். யோகிகள் சொல்லும் அனாகத நாதம், அடிக்காமலே எழும் ஒலி, அதுவாகத்தான் இருக்க வேண்டும். தவம் செய்யாமலே கிடைத்திருக்கிறது. ஆனால் எந்நேரமும் கேட்டால் யோகிக்கும் அலுக்கும். இந்த இசை ஓடும்போது மட்டும் அது அடங்குகிறது.

பிப்ரவரி 8, சனி

வடவள்ளிக் கொசுக்கள் இப்போதெல்லாம் சத்தமே போடாமல் கடிக்கின்றன.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று என் இசை வாழ்க்கையின் முக்கியமான நாள்.

ஆனைகட்டிக்கு அப்பால் கொன்னைப்பதி என்று ஓர் இருளர் குடியிருப்பு. காலை எட்டரைக்கு ரெக்கார்டரோடு போய்ச் சேர்ந்தேன். ஊருக்குள் போகவில்லை. போய் ‘பாடுங்கள்’ என்று கேட்டால் சினிமாப் பாட்டுதான் பாடுவார்கள், இயல்பு கெட்டுவிடும். ஊரை ஒட்டிய ஓடைப் பள்ளத்துக்கு இக்கரையில் ஒரு பாறையில் உட்கார்ந்து, மைக்கை அக்கரைப் பக்கம் திருப்பிவைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு அக்கரையில் நாற்பது பெண்கள் போலக் கூடினார்கள். கையில் மண்வெட்டி, தட்டுக்கூடை. ஏதோ விளைச்சல் சடங்கு என்று நினைக்கிறேன். நடுவில் ஒருத்தி மேட்டில் ஏறி நின்று, ஒரு நோட்டைப் பார்த்தபடி நீட்டி அழைத்தாள். கூட்டத்தில் ஒருத்தி பதில் சொன்னாள். மறுபடி அழைப்பு, மறுபடி ஒரு பதில், ஒவ்வொரு முறையும் வேறு ஒருத்தி. “ஆ…இ” என்று ஓர் அழைப்பு. “அ…இ” என்று இன்னொன்று. பதில் மட்டும் எப்போதும் ஒன்றுபோல. முன்னோர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறார்களோ என்று தோன்றியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த நோட்டு கொஞ்சம் உறுத்தியது, ஆனால் அரசாங்கம் எல்லோருக்கும் நோட்டு கொடுத்துவிட்டதே.

பிறகு மண்ணை வெட்டி ஓடைக்கரையில் கொட்டினார்கள். பதினொரு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்து தூக்குவாளியிலிருந்து எதையோ டம்ளர்களில் ஊற்றினார்கள். அப்போது என் பக்கம் திரும்பி, மூன்று நான்கு பேர் சேர்ந்து கையை மேலும் கீழும் அசைத்தார்கள். அந்நியனை ஆசீர்வதிக்கும் முறை போலிருக்கிறது. நானும் எழுந்து நின்று கும்பிட்டேன். அவர்கள் இன்னும் பலமாக அசைத்தார்கள். நானும் இன்னும் தாழ்ந்து கும்பிட்டேன். இப்படி நாலு முறை நடந்தது.

கடைசியில் அந்த நோட்டுக்காரப் பெண்ணே பள்ளத்தைத் தாண்டி வந்து பத்தடி தள்ளி நின்றாள். என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். நான் பேசினால் பதிவு கெட்டுவிடும் என்று உதட்டில் விரல் வைத்தேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு, பின்னால் வந்தவளிடம் திரும்பி, தாழ்ந்த குரலில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். என்ன ஆழம், என்ன கருணை! அப்படியே பதிவாகிவிட்டது. ஒரு டம்ளரைப் பாறையில் வைத்துவிட்டுப் போனார்கள். டீ. ஆறியிருந்தது, நன்றாக இருந்தது.

பிப்ரவரி 12, புதன்

பதிவை முப்பது தடவை கேட்டேன். ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்திருக்கிறேன்: அவர்கள் பாட்டில் மெய்யெழுத்தே இல்லை. முழுக்க உயிரெழுத்து. அந்தப் பெண் சொன்ன வாக்கியத்தைக் கேட்டபடியே எழுதுகிறேன்:

ஆ அ — ஆ உ — ஏ ஆ ஆ அ — இ உ உ உ

மனிதன் பேசக் கற்பதற்கு முன்னால் இப்படித்தான் பாடியிருக்க வேண்டும். க, ச, ட, த எல்லாம் பின்னால் வந்த நாகரிகத்தின் இரைச்சல். ஆல்பத்துக்குப் பெயர் வைத்துவிட்டேன்: ‘உயிர்’.

அரசியிடம் சொன்னேன். நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, “மெய்யெழுத்து இல்லாம மொழி ஏதுங்க? அவிங்களும் நம்மளாட்டத்தான பேசுவாங்க” என்றாள்.

“இது மொழிக்கு முந்தினது அரசி.”

“மெய்னா உண்மைன்னும் ஒரு அர்த்தம் இருக்குதுங்க” என்றாள். ஏன் சொன்னாள் என்று தெரியவில்லை. தமிழாசிரியைகளுக்கு இப்படி ஒரு பழக்கம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பருப்பு கருகிவிட்டது. மூன்று விசிலில் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு அரசி பள்ளிக்குப் போனாள். நான் விசிலுக்காகச் சமையலறை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு விசில்கூட வரவில்லை. கருகிய வாசனைதான் வந்தது. புதுக் குக்கர், சரியில்லை. கடைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் கடையிலேயே தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்து, “நல்லா அடிக்குதுங்களே சார்” என்றார். அவர் விற்பவர், அப்படித்தான் சொல்வார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

‘உயிர்’ முடிந்தது. முதல் இருபது நிமிடம் அந்த அழைப்பும் பதிலும், கொஞ்சம் வேகம் குறைத்து, குகைக்குள் எதிரொலிப்பது போல. அதன் அடியில் என் பழைய கீபோர்டின் ரீங்காரம். பிறகு பதினோரு நிமிடம், அதே எதிரொலியோடு, அந்த ஒரு வாக்கியம் மட்டும். திரும்பத் திரும்ப, நூற்றிருபது முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நெருங்கி வந்து. அந்தப் பகுதிக்கு ‘கருணை’ என்று பெயர். பிறகு மழை.

அரசியைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டினேன். கண்ணை மூடச் சொன்னேன். அழைப்பு ஓடும்போது அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. பிடித்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். ‘கருணை’ ஆரம்பித்ததும் சிரிப்பு போய்விட்டது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பதினோரு நிமிடமும் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் கலங்கியிருந்தது.

“எப்படி?” என்றேன்.

ஏதோ சொன்னாள். இப்போதெல்லாம் அவள் வாய்க்குள்ளேயே பேசுகிறாள். முப்பது வருடம் வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை போயிருக்கும். மறுபடி கேட்டேன். “நல்லாருக்குங்க” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப்பார்த்து, “பின்னால ‘உஸ்ஸ்’னு ஒரு எரைச்சல் கேட்டுட்டே இருக்குது, அத எடுத்துருங்க” என்றாள்.

எந்த இரைச்சலும் இல்லை. அழ வைத்த இசை என்று ஒப்புக்கொள்ள மனமில்லாமல் ஒரு குறை சொல்கிறாள்.

மார்ச் 1, சனி

விக்னராஜ் கேட்டார். காரிலேயே உட்கார்ந்து, ஏசி போட்டு, நாற்பது நிமிடமும். இறங்கி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“சார், என்ன லாங்வேஜ் இது? எத்தனை பழசு!”

“மொழிக்கு முந்தினது” என்றேன்.

“கரெக்ட். மைண்டு புரிஞ்சுக்க ட்ரை பண்ணவே இல்ல. அந்த ‘உஸ்ஸ்’… காட்டு மழை தானே?”

“காட்டின் மூச்சு” என்று சொல்லிவிட்டேன். அரசி சமையலறையில் எதையோ ஓங்கி வைத்தாள்.

மார்ச் 7, வெள்ளி

லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டார்கள். மருதமலைச் சாலையில் இன்று ஒருவன் என் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் கெட்ட வார்த்தையில் திட்டினான். திட்டு மட்டும் தெளிவாகக் கேட்டது.

மார்ச் 14, வெள்ளி

அரசி தன்னுடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவரின் மகளைப் பற்றிச் சொன்னாள். காது பரிசோதனை நிபுணர், ஆர்.எஸ்.புரத்தில் இருக்கிறாராம்.

“சும்மா ஒருக்கா போய் பாத்துட்டு வந்துரலாங்க.”

“யாருக்கு?”

“எனக்கு” என்றாள். பிறகு, “உங்களுக்கும்” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. இசைக்கலைஞனிடம் காதைக் காட்டச் சொல்வது தவில்காரரிடம் கையைக் காட்டச் சொல்வதுபோல. விடுதி திறப்புக்கு ஆறு நாள் இருக்கிறது, இப்போது எதற்கு அபசகுனம்? அழுக்கு இருக்கும் என்று நானே தேங்காய் எண்ணெய் விட்டுக்கொண்டேன். தலையணை வீணானதுதான் மிச்சம். இரவு சாப்பாட்டில் இருவரும் பேசவில்லை, அல்லது அவள் பேசி நான் கவனிக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மௌனவனத்துக் கூடம் வட்டமாக, கூரை மூங்கில். நடுவில் முப்பது விருந்தினர்கள் கண்ணை மூடிச் சம்மணமிட்டிருந்தார்கள். பெங்களூர்க்காரர்கள், ஜெர்மனியிலிருந்து ஒரு தம்பதி, கோவை ஆலை முதலாளி வீட்டார் சிலர். நானும் அரசியும் பின்வரிசையில். சுவரோரமாக விடுதிப் பணிப்பெண்கள் இரண்டு மூன்று பேர் துடைப்பத்தோடு நின்றார்கள்.

‘உயிர்’ ஆரம்பித்தது. ஐந்து நிமிடத்தில் கூடமே உறைந்துவிட்டது. எனக்கு நெஞ்சு விம்மியது. இருபத்தாறு வருடம் சாப்பாட்டுப் பந்திக்கு வாசித்தவன் நான். முதல் முறையாக முப்பது பேர் இலையைப் பார்க்காமல் என்னைக் கேட்கிறார்கள்.

அழைப்பு, பதில். அழைப்பு, பதில். “அ…இ” என்ற அந்த அழைப்பு வந்தது. சுவரோரம் நின்ற பணிப்பெண்களில் ஒருத்தி சட்டென்று நிமிர்ந்து, கையைத் தூக்கி, கூடம் அதிர ஏதோ கத்தினாள். கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் விருந்தினர் ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை. ஜெர்மன்காரர் அவள் சொன்னதையே திருப்பிச் சொன்னார். அடுத்து அவர் மனைவி. பிறகு முப்பது பேரும் ஒவ்வொரு அழைப்புக்கும் சேர்ந்து பதில் முழங்கினார்கள். விக்னராஜ் தூணுக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார். அரசி முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

முடிந்ததும் நேராக அந்தப் பெண்ணிடம் போனேன். முப்பது வயதிருக்கும். மிரண்டிருந்தாள்.

“ஏம்மா கத்துன?”

“மன்னிச்சுக்கோங்க சார். எம்பேரக் கூப்ட்டாங்க, பழக்கத்துல வந்துருச்சு.”

“யாரு கூப்ட்டா?”

“சுசீலாக்கா சார். பாட்டுல. ‘ரங்கீ’ன்னாங்க, நா ‘வந்துட்டனுங்க்கா’ன்னேன். போன மாசம் வரைக்கும் நூறு நாள் வேலைக்குப் போயிட்டிருந்தனுங்க, கொன்னைப்பதில. அக்காதான் அங்க அட்டெண்டென்ஸ் எடுக்கறது.”

அவளை அரசி பேச வைத்து, எனக்குக் கேட்கும்படி மூன்று முறை சொல்ல வைத்தாள். இல்லாவிட்டால் நான் புரிந்துகொண்டிருக்க மாட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

விக்னராஜ் போன் செய்தார். தினமும் இரண்டு வேளை ‘வந்துட்டனுங்க்கா’ தியானம் என்று அட்டவணையில் சேர்த்துவிட்டாராம். நான் வந்துவிட்டேன் என்று பிரபஞ்சத்துக்குச் சொல்வதாம். என்னைத் தீர்க்கதரிசி என்றார்.

கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது எனக்கு மட்டும் கேட்கவில்லை. இதை எழுத ஒரு நாள் ஆகியிருக்கிறது.

மார்ச் 24, திங்கள்

ஆர்.எஸ்.புரம் போனோம். அந்த நிபுணர் பெயர் ஃபர்ஹானா. எனக்கு ஒரு மகள் இருந்தால் அந்த வயது இருக்கும். கண்ணாடிக் கதவு வைத்த ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள்.

“எவ்வளவு சின்ன சத்தம் கேட்டாலும் அமுக்குங்க சார்.”

முதலில் அடித்தொண்டைச் சத்தங்கள். ஒவ்வொன்றையும் பளிச்சென்று பிடித்தேன். ஸ்ருதிகூடச் சொல்லியிருப்பேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அரசியைப் பார்த்துத் தலையாட்டினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. ஃபர்ஹானா டீ குடிக்கப் போயிருப்பாள் என்று பொறுமையாக உட்கார்ந்திருந்தேன். சுவரில் துளை போட்ட பலகை ஒட்டியிருந்தது. ஒரு வரிசைக்கு எத்தனை துளை என்று எண்ணினேன்.

கதவு திறந்தது. “முடிஞ்சுதுங்க சார்.”

“மீதி எப்பம்மா ஆரம்பிப்ப?”

அவள் அரசியைப் பார்த்தாள். நான் துளை எண்ணிக்கொண்டிருந்த எட்டு நிமிடமும் அவள் சத்தம் அனுப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கடைசியில் ரொம்பப் பெரிதாக வைத்ததில் வெளியே அரசிக்கே கேட்டிருக்கிறது.

தாளில் ஒரு கோடு போட்டுக் காட்டினாள். கொஞ்ச தூரம் நேராகப் போய், பிறகு தலைகீழாக விழுந்தது. “ஆ, ஓ, ஊ எல்லாம் கீழ இருக்கற சத்தம் சார், அது நல்லாவே கேக்குது. க, ச, ட, த எல்லாம் மேல இருக்குது. அதுதான் போயிருச்சு. ஸ்பீக்கர் பக்கத்துலயே நின்னீங்களா?”

“இருபத்தாறு வருசம்.”

“காதுக்குள்ள எரைச்சல் இருக்குங்களா?”

அனாகத நாதம் பற்றிச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுவிட்டு, “அதுக்கு டின்னிடஸ்னு பேர் சார்” என்றாள்.

உயிர் இருக்கிறது, மெய் போய்விட்டது. ஆல்பத்தின் உறையில் நான் எழுதிக்கொடுத்ததும் ஏறத்தாழ இதுதான், அது பெருமையாக, அவ்வளவுதான் வித்தியாசம். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். வயசு ஐம்பத்து நான்கு என்றெல்லாம் பார்க்கவில்லை. அரசி பக்கத்தில் உட்கார்ந்து, வருவோர் போவோருக்கு வழிவிடும்படி என் காலை மடக்கி வைத்தாள்.

மார்ச் 25, செவ்வாய்

ஒரு வாரம் போட்டுப் பாருங்கள் என்று இரண்டு கருவி கொடுத்திருக்கிறார்கள். காதுக்குப் பின்னால், கொட்டைப்பாக்கு அளவு. காலையில் மாட்டியதும் செய்தித்தாளின் சலசலப்புக்கே பயந்துவிட்டேன். வீட்டில் குழாய் ஒழுகுகிறது, எத்தனை மாதமாகவோ. அரசி வாய்க்குள் பேசவில்லை. நன்றாகத்தான் பேசுகிறாள்.

மதியம் அவள் பள்ளிக்குப் போயிருந்தபோது ‘உயிர்’ போட்டேன். முதலில் அந்த ‘உஸ்ஸ்’. பழைய கீபோர்டின் இரைச்சல், எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் போட்டது போல நாற்பது நிமிடமும். அடுத்து அட்டெண்டென்ஸ். மாரி, ரங்கி, காளியம்மா, பொன்னி. ‘வந்துட்டனுங்க்கா.’ பிறகு ‘கருணை’.

பிப்ரவரி 12ஆம் தேதிப் பக்கத்தை எடுத்து, உயிரெழுத்துகளுக்குக் கீழே மெய்யைச் சேர்த்து எழுதினேன்.

“பாவம், காது கேக்காதாட்ட இருக்குது.”

நூற்றிருபது முறை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நெருங்கி வந்து.

மாலை அரசி வந்ததும் கேட்டேன். “உனக்கு மொதல்லயே தெரியுமா?”

“ஹெட்போன் மாட்டுன மொத நாளே.”

“ஏன் சொல்லல?”

“மூணு வருசமாச் சொல்லிட்டுத்தான் இருக்கறனுங்க” என்றாள். “அந்தப் பொண்ணு ஒருக்காத்தான் பாத்துது, அதுக்கே தெரிஞ்சுருச்சு. கேட்டதும் அழுகையா வந்துருச்சு எனக்கு.”

மார்ச் 28, வெள்ளி

கொன்னைப்பதிக்குப் போனேன், இந்த முறை பாறைக்கு அல்ல. சுசீலா தன் வீட்டு வாசலில் நூறு நாள் வேலைக் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கையை மேலும் கீழும் அசைத்தார். ‘வாங்க’ என்று அர்த்தம். அது எல்லா ஊரிலும் அதே அர்த்தம்தான்.

கேட்காமல் பதிவு செய்தது தப்பு என்று சொன்னேன். போனில் போட்டுக் காட்டினேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். தங்கள் பெயர் வரும்போதெல்லாம் ஒரே சிரிப்பு. சுசீலா மட்டும் சிரிக்கவில்லை.

“இத ஆபீசருங்க யாராச்சும் கேப்பாங்களா?”

“ஏனுங்க?”

“அன்னைக்கு காளியம்மாளும் பொன்னியும் வரல. காளியம்மாளுக்கு பையன் ஆஸ்பத்திரில. அவிங்களுக்கு வேற ஆளு கொரல் குடுத்துச்சு. அந்த ரெண்டு பேர மட்டும் வெட்டிருங்க. மத்தது இருக்கட்டும். எங்க பேரச் சொல்றதுல என்ன தப்பு? ஆனா கீழ எங்க பேரு எழுத்துல போடணும்.”

போடுகிறேன் என்றேன். ‘கருணை’ வந்தபோது அவருக்கு முகம் சுருங்கிப்போனது. “அய்யோ, அதையுமா புடிச்சுட்டீங்க? நாலு தடவ டீக்குக் கூப்ட்டம், நீங்க கும்புட்டுட்டே நின்னீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க” என்றார்.

“தப்பா நெனைக்கல. சரியாத்தான் சொல்லியிருக்கீங்க” என்றேன். இந்த முறை டீ சூடாக இருந்தது.

ஏப்ரல் 2, புதன்

விக்னராஜ் போன். அரசி என் எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

இரண்டு பெயரை வெட்டிய புதுப் பதிவை அனுப்பியிருந்தேன், இரைச்சலையும் எடுத்துவிட்டு. கூடவே முப்பத்தெட்டுப் பெண்களின் பெயர்ப் பட்டியலும். பெயரெல்லாம் போட்டுவிடலாம், ‘உஸ்ஸ்’ மட்டும் திரும்ப வேண்டும் என்றார். அது இல்லாமல் காடு மாதிரி இல்லையாம். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

“அந்த ‘கருணை’ பார்ட் வந்தா எல்லாரும் அழறாங்க சார். ப்ரோஷர்ல மீனிங் கேக்கறாங்க. அந்த அம்மா என்ன சொல்றாங்க? உங்களுக்குத்தான் தெரியும்.”

இரண்டு நாளாகப் பயந்துகொண்டிருந்த கேள்வி. ‘பூமித்தாயே எங்களைக் காப்பாற்று’ என்று எதையாவது சொல்லிவிடலாம், அவர் சந்தோஷமாக அச்சடிப்பார். உண்மையைச் சொன்னால் எல்லாம் போகும். காது கேட்காதவனிடம் யார் இசை கேட்டு வருவார்கள்? அரசி கீரையை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

“‘பாவம், அந்த ஆளுக்குக் காது கேக்காது’ன்னு சொல்றாங்க” என்றேன்.

போன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

“சார்…” என்றார், குரல் தழுதழுத்து. “பத்தாயிரம் வருசம் முன்னாடியே சொல்லியிருக்காங்க பாருங்க.”

“இல்லீங்க, அந்த ஆள் நான்தான். எனக்குத்தான் காது கேக்காது. டெஸ்ட் எடுத்தாச்சு. மிஷின் மாட்டியிருக்கேன்.”

“நாம எல்லாருமே அந்த ஆள்தான் சார்” என்றார். “அட்டையிலயே போட்டுர்றேன். அடுத்த ஆல்பம் எப்ப ஆரம்பிக்கலாம்?”

போனை வைத்தேன். அரசி எட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“அவருக்குக் கேக்கல” என்றேன்.